சாரல் நேரத்தில் சைக்கிளில் வேலைக்குப் போக என்ன உடுத்துவது? (செங்கோட்டை – தென்காசி)

செங்கோட்டைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டையிலிருந்து தென்காசிக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். என் வீட்டுக் கணக்குக்கு ஒரு பக்கம் 9 கிலோமீட்டர். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை, வயது 43. சைக்கிள் என் மகளுடையது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்தது. அவள் திருநெல்வேலியில் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு திண்ணையோரம் சும்மா நின்றது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தோதான நேரத்தில் வரும் பஸ்ஸில் படியில்கூட இடம் இருக்காது. அதனால் தை மாதம் சைக்கிளை எடுத்தேன். காலையில் அந்த முக்கால் மணி நேரம் எனக்கே எனக்கென்று கிடைக்கிறது. இனி விட மனசில்லை.

சித்திரை, வைகாசி வரை உடையைப் பற்றி யோசிக்கவே இல்லை. பருத்திச் சுடிதார், துப்பட்டா. பள்ளியில் சேலைதான் கட்ட வேண்டும். அதைப் பையில் வைத்துக்கொண்டுபோய் ஆசிரியைகள் அறையில் மாற்றிக்கொள்வேன். ஆனி பிறந்ததும் எல்லாம் தடுமாறிவிட்டது.

நம் பக்கத்துச் சாரல் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மழை என்று ஒதுங்கினால் வெயில் அடிக்கும், வெயில் என்று கிளம்பினால் தூவும். காலையில் மேற்குக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும், பாதித் தூரம் மிதிக்கவே வேண்டாம். சாயங்காலம் அதே காற்று முகத்துக்கு நேரே வரும். முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேலே போய்விடும்.

போன வியாழக்கிழமை திரும்பி வரும்போது, பிரானூர் பார்டருக்குக் கொஞ்சம் முன்னால், காற்றில் பறந்த துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நல்லவேளை, அன்றைக்குத் தோளில் பின் குத்தியிருக்கவில்லை. உருவிக்கொண்டு போனது, கழுத்தை இழுக்கவில்லை. சைக்கிள் நின்றேவிட்டது, நான் இடது பக்கம் சாய்ந்து கால் ஊன்றிக்கொண்டேன். பின்னால் வந்த லாரி ஒதுங்கிப் போனது. மரக்கடையிலிருந்து ஓர் அண்ணாச்சி ஓடிவந்து துணியை அறுத்தெடுத்துக் கொடுத்தார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

இன்னொன்று மழைக்கோட்டு. முழங்கால் வரை வரும் பிளாஸ்டிக் கோட்டு ஒன்று வாங்கினேன். வெளியே நனைவதைவிட உள்ளே வேர்வையில் அதிகம் நனைகிறேன். தலைமூடியைப் போட்டால் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பினால் மூடி அப்படியே நிற்கிறது, துணியைத்தான் பார்க்கிறேன்.

துப்பட்டாவுக்கு என்ன செய்வது, மழைக்கு என்ன போடுவது? சேலையிலேயே ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்களா? ஓட்டியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

புளியரை பெரியவர்:

அம்மா, கால் ஊன்றினாய் என்று படித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் புளியரையிலிருந்து பிரானூர் மரக்கடைகளுக்கு 31 வருஷம் சைக்கிள் மிதித்தவன். நீ சொல்கிற அந்த இடத்தில் காற்று எப்படித் திரும்பும் என்று தெரியும்.

எங்கள் காலத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டால் முடிந்தது. பேண்ட் போட ஆரம்பித்தபிறகு வலது கால் முனையைச் செயின் பிடித்துக்கொள்ளும். அதற்கு வளைவான ஒரு கம்பிக் கிளிப் விற்பார்கள், இல்லாவிட்டால் அகலமான ரப்பர் பட்டை. உன் சைக்கிளில் செயின் கவர் முழுசாக இருக்கிறதா, பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் சைக்கிள் கடையில் போட்டுக் கொடுப்பார்கள். உடையை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் அது.

அடுத்தது நிறம். இந்த ரோட்டில் கேரளாவுக்குப் போகும் லோடு லாரிகள் ராத்திரி பகல் என்றில்லாமல் ஓடுகின்றன. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். கருப்பு வேட்டியில் நடந்துபோகும் சாமிமார்களை அந்தி நேரத்தில் டிரைவர்கள் பார்க்கமுடியாமல் தவிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மேகம் மூடிய பகலில் பளீரென்று அடிக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் நல்லது, அந்தச் சாயம் பகல் வெளிச்சத்தில் தானே ஒளிர்வது போலத் தெரியும். ஆனால் இருட்டியபிறகு அந்த நிறத்தால் பிரயோஜனம் இல்லை. அப்போது வேண்டியது ஹெட்லைட் பட்டால் திருப்பி அடிக்கும் ஒளிப்பட்டை. ரோடு வேலை செய்கிறவர்கள் சட்டையில் இருக்குமே, அதுதான். அதை முதுகில் ஒட்டுவதோடு விடாதே, இரண்டு கணுக்காலிலும் கட்டு. மிதிக்கும்போது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தவுடனே சைக்கிள் போகிறது என்று டிரைவருக்குப் புரிந்துவிடும்.

இலஞ்சி தையல் அக்கா:

தங்கச்சி, உன் கேள்வியை மத்தியானமே படித்தேன். ஒரு ஜாக்கெட் வேலையை முடித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

நான் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். அந்தச் சமயத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள், கல்குவாரி வேலைக்குப் போகிறவர்கள் உட்பட. நானும் அப்போது கற்றவள்தான், தாவணியில். அம்மா கற்றது சேலையில். அதனால் சேலையில் ஓட்ட முடியுமா என்று என்னிடம் கேட்டால், முடியும். முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருக வேண்டும். கொசுவத்தைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே தூக்கிக் கட்ட வேண்டும். உள்பாவாடை குறுகலாக இருந்தால் மிதி ஏறாது. பக்கத்தில் ஒரு முழம் பிரித்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டால் கால் தாராளமாக வரும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு இது போதும். உன் 9 கிலோமீட்டருக்கும் அந்த எதிர்காற்றுக்கும் நான் சேலையைச் சொல்ல மாட்டேன். நனைந்த சேலை காலில் ஒட்டும், கனக்கும், மிதிக்கவிடாது.

சரி, துப்பட்டாவுக்கு வருகிறேன். குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போடு என்று சொல்வார்கள். காற்றில் முடிச்சு நெகிழும், அப்புறம் பழைய கதைதான். துப்பட்டாவே வேண்டாம். நாற்று நடவும் களை எடுக்கவும் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறாய்தானே? சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார்கள். வெயில் கையைச் சுடாது, நெல்தாள் கீறாது, காற்றும் உள்ளே போய்வரும். உன் சுடிதாருக்கு மேலே அதையே போடு. துப்பட்டா செய்கிற வேலையைச் சட்டை செய்துவிடும், பறக்க எதுவும் இருக்காது.

தையல்காரியாக இன்னொரு காரணமும் சொல்கிறேன். ஆண் சட்டையில் முதுகுப் பட்டைக்குக் கீழே ஒரு மடிப்பு விட்டிருப்பார்கள். கையை முன்னால் நீட்டி ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். நம் சுடிதார் டாப் உடம்போடு பிடித்துத் தைத்தது, கையை நீட்டினால் கைக்குழியில்தான் இழுக்கும். சைக்கிளில் போகும் பிள்ளைகளின் டாப் எல்லாம் எனக்குப் பழுதுக்கு வருவது அந்த இடம் கிழிந்துதான். அதனால் புதிதாகத் தைப்பதானால் முதுகில் ஒன்றரை இஞ்ச் கூட வைக்கச் சொல். பக்கத்து ஓப்பன் இடுப்பு வரை வேண்டும், இல்லையென்றால் முழங்கால் ஏறும்போது துணி தொடையைப் பிடிக்கும்.

பேண்ட் விஷயத்தை யாரும் வெளியே பேச மாட்டார்கள், ஆனால் அதுதான் அதிகம் வலிக்கிற இடம். நான்கு தையல் ஒரே புள்ளியில் சேர்ந்தால், சீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மிதிக்கும்போது அந்த முடிச்சு உராய்ந்து புண்ணாக்கும். ஜீன்ஸில் அது மொத்தமாகவே இருக்கும், அதனால் ஜீன்ஸ் வேண்டாம். பழைய முறைச் சுடிதார் பேண்டில் கவட்டில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைப்போம். தையல்கள் நடுவில் சேராமல் நான்கு மூலைக்கு ஒதுங்கிவிடும். அப்படித் தைத்துத் தரச் சொல். கால் முனை குறுகலாக இருக்கட்டும். பட்டியாலா வேண்டவே வேண்டாம்.

துணி எது என்றால், வெயிலுக்குப் பருத்தி, சாரலுக்கு டெரிகாட்டன். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. நீ சொன்ன அந்த எதிர்காற்று ஈரப் பருத்தியின் மேல் அடித்தால் நெஞ்சு குளிர்ந்துபோகும். டெரிகாட்டனில் பெரும்பாலும் 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி. நனையும், ஆனால் பள்ளிக்கூட வராந்தாவில் காற்றுப்படப் போட்டால் நீ கிளம்புவதற்குள் காய்ந்திருக்கும்.

மழைக்கோட்டைப் பற்றி என் எண்ணம் வேறு. ஆனி, ஆடிச் சாரலுக்குக் கோட்டே போடாதே. காற்றுப் போகாத பிளாஸ்டிக்குக்குள் மிதித்தால் வேர்வை எங்கே போகும்? சட்டை நனையட்டும், போய் மாற்றிக்கொள். கோட்டை ஐப்பசி, கார்த்திகைக்கு வை. அப்போது சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டுமே, அது வேறு மழை. அதற்கு முழங்கால் கோட்டு உதவாது, இடுப்பளவு ஜாக்கெட்டும் தனிப் பேண்டும் உள்ளது வாங்கு. முதுகில் காற்றுப்போக மடிப்பு வைத்ததாகப் பார்த்து எடு. தலைக்குள் இழுத்துப் போடுகிற போர்வை மாதிரிக் கோட்டை மட்டும் இந்த ரோட்டில் போட்டுவிடாதே, காற்றுக்குப் பாய்மரம் மாதிரி விரியும். தலைமூடிக்கு முன்பக்கம் நீட்டிய தொப்பி ஒன்றை உள்ளே போட்டு, மூடியைத் தொப்பியோடு இரண்டு பக்கமும் பின் குத்திக்கொள். தலை திரும்பினால் மூடியும் திரும்பும்.

கொழிஞ்சாம்பாறை சைக்கிள்:

நான் பாலக்காடு பக்கத்துத் தமிழன், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்களுக்கும் கணவாய்க் காற்றுதான், ஆனால் பங்குனி, சித்திரையில் வெயில்தான் பெரிய எதிரி. ஆகவே ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். போய்ச் சேர்ந்தவுடனே வேலை உடையைப் போடாதீர்கள். நின்றபிறகும் உடம்பு பத்து நிமிடம் வேர்த்துக்கொண்டேதான் இருக்கும். ஈரத் துண்டால் கழுத்து, அக்குள், முதுகு துடைத்துவிட்டு, விசிறிக்குக் கீழே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மாற்றுங்கள். நான் திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது வாரத்துக்கு வேண்டிய சட்டைகளை இஸ்திரி போட்டுக் கொண்டுபோய் லாக்கரில் தொங்கவிட்டுவிடுவேன். சனிக்கிழமை அழுக்கை எடுத்து வருவேன். மற்ற நாட்களில் பையில் டிபன் மட்டும்தான்.

ஆரியங்காவு மருந்துக்கடை:

அக்கா, மழைக்காலத்தில் எங்கள் கடையில் அதிகம் விற்பது படர்தாமரைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் போடும் களிம்புதான். ஈர உள்ளாடையோடும் ஈரக் காலோடும் நாள் முழுக்க இருந்தால் இவை எளிதில் வரும். உள்ளாடையும் ஒரு செட் கூடவே கொண்டுபோங்கள், சுத்தப் பருத்தியில். தோல் செருப்பு, ஷூ வேண்டாம், காயாது. பின்பக்கம் பட்டை உள்ள ரப்பர் செருப்பு போட்டால் மிதியிலிருந்து நழுவாது. கால் விரல் இடுக்கைத் துடைத்துவிட்டு வேறு செருப்பு மாற்றுங்கள். படை வந்துவிட்டால் அவர் சொன்னார் இவர் சொன்னார் என்று களிம்பு வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு போட்டால் முதலில் அடங்கிய மாதிரி இருந்து, பிறகு பரவும்.

செங்கோட்டைக்காரி:

இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சாரி கார்டு போட்டாயிற்று, பெரியவருக்கு நன்றி. செயின் கவரில் ஓர் ஆணி கழன்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

சட்டை விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. என் வீட்டுக்காரருடைய கோடு போட்ட டெரிகாட்டன் சட்டையை எடுத்தபோது என் மாமியார், “வயலுக்கா போற?” என்று கேட்டார். அவரே ஐந்தாறு வருஷம் முன்புவரை அப்படித்தான் கார் சாகுபடிக்கு நடவுக்குப் போவார். மறுநாள் காலையில் அவரே அந்தச் சட்டைக் கைப் பட்டனை மணிக்கட்டில் போட்டுவிட்டார். காலரைத் தூக்கிவிட்டால் பிடரி சுடாது என்றும் சொன்னார். அதை இங்கே யாரும் சொல்லவில்லை.

கோட்டில்லாமல் ஐந்து நாள் நனைந்தேன். அக்கா சொன்னது சரிதான், குளிரவில்லை. சட்டை பிற்பகல் இடைவேளைக்குள் காய்ந்துவிடுகிறது. திங்கட்கிழமை பஸ்ஸில் மூன்று சேலை கொண்டுபோய் அலுவலகப் பீரோவில் வைத்துவிட்டேன். எதிர்காற்றில் திரும்பி வரும்போது துப்பட்டாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த கை இப்போது ஹேண்டில்பாரிலேயே இருக்கிறது. பார்டரில் அந்த மரக்கடை அண்ணாச்சி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஒளிப்பட்டை கணுக்காலில் நிற்கவில்லை, வழுக்கிக் குதிகாலுக்கு வந்துவிடுகிறது. அக்கா, பேண்டின் கால் முனையிலேயே தைத்துவிட முடியுமா? கவட்டுத் துண்டு வைத்த பேண்டும் இரண்டு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?

இலஞ்சி தையல் அக்கா:

முடியும். பட்டையை மிஷினில் ஓட்டினால் ஊசி ஓட்டை விழுந்து உரியும், சுற்றி நாடா வைத்துத் தைத்துத் தருகிறேன். ஞாயிறு மத்தியானம் வரை இருப்பேன். அந்தக் கோடு போட்ட சட்டையையும் கொண்டு வா. கீழே நீளம் அதிகமாக இருந்தால் சீட்டுக்கும் உனக்கும் நடுவில் மாட்டும், மூன்று இஞ்ச் மடித்துவிடலாம்.