விண்வெளியில் ஒருவர் தண்ணீரில் மூழ்க முடியுமா?

கேள்வி:
எட்டாவது படிக்கும் என் மகள் நேற்று ராத்திரி கேட்டாள்: "அம்மா, விண்வெளியில் நடந்துகொண்டிருந்த ஒருவர் தண்ணீரில் மூழ்கப் பார்த்தாராமே, நிஜமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

பதில் 1:
நிஜம்தான். இத்தாலிக்காரர் லூகா பர்மிட்டானோ. 2013 ஜூலை 16, பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே. ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

பதில் 2:
அக்கா, நான் மோட்டார் பம்ப் பழுது பார்ப்பவன். இந்தச் சம்பவத்தைத் தேடிப் படித்ததே அதில் ஒரு பம்ப் இருந்ததால்தான்.

உடம்பு சூடாகாமல் இருக்க அந்த உடைக்குள் மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடும். முதுகுப் பெட்டியில் ஒரே மோட்டார்தான் காற்றாடி, பம்ப், காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் டிரம் மூன்றையும் சுற்றுகிறது. டிரம்மில் பொடிப்பொடித் துளைகள். சிலிக்கா கசடு அவற்றை அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர், காற்று போகும் பாதையில் ஏறித் தலைக்குப் பின்னால் வந்துவிட்டது.

44வது நிமிடத்தில் பின்கழுத்து ஈரமாக இருப்பதாகச் சொன்னார். திரும்பி வரச் சொல்ல இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அங்கே தண்ணீர் கீழே வடியாது. தோலில் ஒட்டிக்கொண்டு பரவும். காது, கண், மூக்கு என்று மூடியது. கையால் துடைக்கவும் முடியாது. அந்த நேரம் பார்த்துச் சூரியனும் மறைந்தது. தன்னைக் கட்டியிருந்த பாதுகாப்புக் கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாகத் தடவித் தடவி வந்து சேர்ந்தார். நிலையத்தின் நுழைவறைக்குள் காற்று நிரம்பும்வரை, கூடப் போயிருந்த கிறிஸ் காசிடி அவர் கையை அழுத்திப் பார்த்தார், பதிலுக்கு அழுத்துகிறாரா என்று. சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கசிந்திருந்தது.

எனக்கு மனசு ஆறாதது முந்தைய வாரத்து விஷயம். ஜூலை 9 அன்று அதே உடையில் போய் வந்தபோதும் ஹெல்மெட்டில் தண்ணீர். குடிநீர்ப் பை ஒழுகியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் பட்டறையிலும் இப்படித்தான், வாஷர் போயிருக்கும் என்று மாற்றி அனுப்பிவிடுவோம். ஒரு வாரத்தில் மோட்டார் காயில் (கம்பிச்சுருள்) கருகித் திரும்பி வரும். கசிவு எங்கிருந்து என்று பிரித்துப் பார்க்காமல் அந்த உடையை மறுபடி மாட்டி அனுப்பியிருக்கவே கூடாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி தம்பி. படித்துக் காட்டினேன். "அப்புறம் அவர் வெளியே போனாரா?" என்று கேட்கிறாள்.

பதில் 2 எழுதியவர்:
போனார் அக்கா. இப்போது ஹெல்மெட்டின் பின்பக்கம் தண்ணீரை உறிஞ்சும் திண்டு வைக்கிறார்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் ஈரம் தெரிந்துவிடும். தண்ணீர் மூக்குவரை வந்தால், உடைக்குள் கீழே இருக்கும் காற்றை வாயால் இழுக்க ஒரு குழாயும் உண்டு. முதல் குழாய்களை நிலையத்தில் இருந்தவர்களே கையில் கிடைத்த பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் செய்தார்கள்.

2019 நவம்பரிலிருந்து 2020 ஜனவரிக்குள் அவர் நான்கு முறை வெளியே போனார். ஏ.எம்.எஸ் என்ற துகள் ஆய்வுக் கருவிக்குப் புதுக் குளிரூட்டும் பம்ப்கள் மாட்ட.