புதுப்பிப்பு: ஜோங்கா ஹூட், தையலில் ஒழுகல் நின்றது

ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா ஜீப்புகளுக்குக் குன்னூரில் புது கேன்வாஸ் ஹூட் (மடக்கும் துணிக்கூரை) தைத்து விற்கிறேன், தையல் ஓரமாக மழை சொட்டுகிறது, என்ன செய்யலாம் என்று ஆடியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் சிலிகான் பூசினேன். ஹூட்டை இரண்டு முறை மடித்து விரித்ததும் வெயில் பட்ட தோல் மாதிரி உரிந்து வந்தது. டேப் முரட்டு நெசவில் ஒட்டவே இல்லை. கைகொடுத்தது, கூடாரம் தைக்கும் அண்ணன் ஒருவர் இங்கே சொன்ன வழிதான்: இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல மடித்து, மடிப்பின் வாய் கீழே பார்க்கும்படி இரட்டைத் தையல். துளை சிறிதாக இருக்க, ஊசியை 22ஆம் எண்ணிலிருந்து மெல்லிய 18ஆக்கினேன். நூலின் உள்ளிழை பாலியெஸ்டர், அதைச் சுற்றி பருத்தி. நனைந்ததும் பருத்தி ஊதித் துளையை அடைத்துக்கொள்கிறது. மேலே தேன்மெழுகு தேய்த்துச் சூடு காட்டினேன். எங்களுக்குப் பெருமழை ஐப்பசியில்தான். அதையும் தாங்கிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. பருத்தி கேன்வாஸ் முதல் மழையிலேயே சுருங்கி, பின்பக்கப் பட்டன் ஒன்றுகூட அதன் குமிழில் உட்காரவில்லை. வாங்கியவரிடம் அசடு வழிந்து, காசு வாங்காமல் வேறு தைத்துக் கொடுத்தேன். இப்போது வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்துக் காயப்போடுகிறேன். இந்த மூடுபனியில் அதற்கே மூன்று நாள்!

அப்புறம், ஒரு வண்டியின் அளவை அடுத்ததற்கு நம்பாதீர்கள். ஏலத்துக்கு வருவதற்குள் ஹூட்டைத் தாங்கும் கம்பிகள் எப்படியெல்லாமோ வளைந்திருக்கும்.