பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை: பெர்ஜுந்தைப் பிள்ளைக்கு இது தேவையா?

செம்பனைவாசி:
வணக்கம். தங்கச்சி மலாயாப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியில் பட்டம் முடித்துவிட்டாள். இப்போது பிரான்சுக்குப் போய் இலக்கியத்தில் முதுகலை, இரண்டு வருடம் படிக்கணும் என்கிறாள். அப்பா இன்னும் பாமாயில் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். பட்டப்படிப்புக்கு வாங்கிய பிடிபிடிஎன் அரசுக் கல்விக் கடன் அப்படியே நிற்கிறது. சிலாங்கூர் தோட்டப்புறத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்துகொண்டு பிரெஞ்சு இலக்கியம் படித்து என்ன செய்வது? எனக்கு மனசு ஒப்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

லயத்துக்காரன்:
தயங்காமல் சொல்லிவிடுங்கள் தம்பி. விசாவுக்கே மாதம் 615 யூரோ வீதம் கையில் இருப்பதாகக் காட்டணும். வருடத்துக்கு 7,380 ஆகிறது. 2019இல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களுக்கு முதுகலைக் கட்டணத்தை வருடம் 3,770 யூரோ ஆக்கினார்கள். மலேசிய வெள்ளியில் மாற்றிப் பாருங்கள், தலை சுற்றும். என் அண்ணன் மகள் ஆசைப்பட்டு மொழி படித்தாள். இரண்டு வருடம் கிள்ளானில் துணிக்கடையில்தான் நின்றாள். தாதிமை, கணக்கியல் என்று படித்த பிள்ளைகள்தான் குடும்பத்தைத் தோட்டத்து லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள்.

பால்மரத்துப் பெண்:
அண்ணே, அந்தக் கட்டணத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் விலக்குக் கொடுக்கின்றன. மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணி நேரம் வேலையும் செய்யலாம். என்னை உறுத்துவது ‘பெர்ஜுந்தையில் இருந்துகொண்டு’ என்ற சொல்தான்.

நம் பெர்ஜுந்தைத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையை வணிகப் பயிராக நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. அதே துரை எழுதிய ‘மலேசி’ நாவல் 1930இல் கொன்கூர் பரிசு வாங்கியது. பிரான்சில் அதைவிடப் பெயர்பெற்ற நாவல் பரிசு கிடையாது. தம்பி, உங்கள் அப்பா வெட்டும் குலையும் அந்தப் புத்தகமும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. நம் தமிழ்த் தொழிலாளிகளும் அதில் வருகிறார்கள். துரை பங்களாவிலிருந்து பார்த்து எழுதினார். லயத்தில் பிறந்த பிள்ளை அதைப் படித்து ஆராய்ச்சி எழுதினால் அது ஆடம்பரமா?

லயத்துக்காரன்:
அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1931லேயே வந்துவிட்டது தங்கச்சி. அதைப் படித்து எழுதட்டுமே. துரைமார் நம் முதுகில் சம்பாதித்தது போதாதா? அவர் எழுதியதைப் படிக்க நம் காசைக் கட்டி அவர் நாட்டுக்கே போகணுமா?

பால்மரத்துப் பெண்:
ஆங்கிலத்தில் எல்லாருமே ‘யூ’தான். பிரெஞ்சில் நம்மைப் போலவே நீ, நீங்கள் இரண்டும் உண்டு: ‘த்யூ’, ‘வூ’. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் துரை யாரை எப்படிக் கூப்பிட்டார் என்று நம் தாத்தாக்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு சொல்லில் மொத்த மரியாதைக் கணக்கும் இருந்தது. மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவது அதுதான். முதுகலையில் ஒரு பத்தியை எடுத்துச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கப் பழக்குகிறார்கள். இந்த வித்தியாசம் தமிழ்ப் பிள்ளையின் காதில் உடனே விழும்.

பழைய கிராணி:
நானும் ஒன்று சொல்கிறேன். பள்ளியில் எஸ்பிஎம் தேர்வுக்கு மனப்பாடம் செய்த பந்துன், அந்த மலாய் நாலடிப் பாட்டு, நினைவிருக்கிறதா? பிரெஞ்சுக் கவிஞர் விக்தோர் ஹ்யூகோ 1829இல் வந்த தம் கவிதைத் தொகுப்பின் குறிப்புகளில் ஒரு பந்துனின் மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். அதிலிருந்து பிரெஞ்சில் ‘பந்தூம்’ என்றே ஒரு வடிவம் கிளைத்தது; கவிஞர் போதலேர்கூட அதைத் தழுவி எழுதினார். ஃபோக்கோனியேயின் நாவலிலும் பந்துன்கள் உண்டு. மலாய், தமிழ், பிரெஞ்சு மூன்றும் தெரிந்த பிள்ளை நம்மிடம் எத்தனை பேர்? ஆனால் கடன் விஷயத்தில் லயத்துக்காரன் பக்கம்தான் நான். சில உறைவிடப் பள்ளிகளில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலில் வேலைக்கு முயலட்டும், இரண்டு வருடம் கழித்துப் போகட்டும்.

பால்மரத்துப் பெண்:
ஐயா, நானும் அப்படித்தான் ‘இரண்டு வருடம்’ என்று தள்ளினேன். அப்புறம் கல்யாணம், குழந்தை. பதினோரு வருடம் ஆகிவிட்டது.

செம்பனைவாசி:
நேற்று ராத்திரி அவளிடமே கேட்டேன். அந்த நாவலை எடுத்துவந்தாள். பக்க ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ். ஓரிடத்தில் ‘அப்பாவிடம் கேட்கணும்’ என்று எழுதியிருந்தது. என்னம்மா கேட்கணும் என்றேன். ஒரு மரத்தின் பெயராம், தமிழில் என்னவென்று தெரியவில்லையாம். அப்பா கேட்ட உடனே சொன்னார்.

விலக்குத் தரும் இடங்களுக்கு மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

லயத்துக்காரன்:
நல்லது தம்பி. விலக்குக் கிடைத்தாலும் மாதம் 615 யூரோ அப்படியே நிற்கிறதே. அதற்கு என்ன வழி என்று எழுதுங்கள்.