ஆட்டு முளை அடித்த கல்

ஊத்துக்கோட்டை ஆள்:
வீடு கட்டும்போது பேஸ்மட்டம் நிரப்ப ரெண்டு லோடு கிராவல் அடித்தோம். சித்தாள் ஒருத்தர் மண்வெட்டியில் இடறிய கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். உள்ளங்கையை விட நீளம். ஒரு பக்கம் மொத்தை, மறுபக்கம் போகப்போகக் கூர். கொய்யாவைத் தட்டையாக்கின மாதிரி. அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டார். ஆடு கட்டும் முளையை அடிக்க மூன்று வருடம் அதுதான் எங்கள் வீட்டுச் சுத்தியல். கையில் எடுத்தால் கட்டை விரலுக்குத் தனியாக ஒரு பள்ளம், அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை பூண்டி ஏரிக்குக் கூட்டிப்போனபோது, பக்கத்தில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் போனோம். கண்ணாடிக்குள் இருந்ததைப் பார்த்து என் சின்னவள் சத்தமாகச் சொன்னாள்: "ஐ, ஆயாவோட கல்லு!" எனக்கு வியர்த்துவிட்டது. கைக்கோடாரி என்று எழுதியிருந்தது, ஆதி மனிதன் பிடி போடாமல் கையிலேயே பிடித்து வெட்டிய கல்.

மறுவாரம் கல்லைத் துணியில் சுற்றி, விவரம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். பழைய கற்காலம்தான், குவார்ட்சைட் கல், சந்தேகமே இல்லை என்றார். அடுத்த கேள்வி: "எங்கே கிடைத்தது?" டிப்பரில் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "அந்த வருசம் பத்து இடத்துல எடுத்தோம் சார், எதுன்னு சொல்ல?"

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். ராபர்ட் ப்ரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் எடுத்த கைக்கோடாரியும் கிராவல் குழியிலிருந்து வாரிப்போட்ட மண்ணில் கிடைத்ததுதானாம். அவருக்காவது குழி பக்கத்திலேயே இருந்தது. அதே வருடம் செப்டம்பரில் அவரும் அவரோடு வேலை பார்த்த வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அதே இடத்தில் பிற்பாடு தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அடுக்கடுக்காகத் தோண்டி, அடி அடுக்குகளில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு, குறைந்தபட்சம் 10 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் அறிவித்தார்கள். அந்தக் கணக்கு கல்லைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு போட்டதில்லை, அது புதைந்து கிடந்த மண்ணோடு சேர்த்துப் போட்டது. எங்கள் கல்லின் மண் எங்கள் ஹாலுக்குக் கீழே, டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சி முடித்தாயிற்று.

தேரிப் பிள்ளை:
நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் மெஞ்ஞானபுரம் பக்கம். தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், ஆடு மேய்க்கும்போது காற்றடித்து மணல் நகர்ந்த இடத்தில் வெள்ளையும் தேன் நிறமுமாகக் கல் சில்லுகள் கிடக்கும். நகத்தளவுதான். ஒரு தடவை என் குதிகாலைக் கிழித்துவிட்டது. ஆச்சி "கண்ணாடி ஓடு"ன்னு திட்டினாள். காலேஜ் போன பிறகுதான் அது நுண்கற்கருவி, கம்பிலேயோ எலும்பிலேயோ பதித்து அம்பு முனையாகப் பயன்படுத்தினது என்று தெரிந்தது. ஏழாங்கல்லுக்கு எத்தனை எடுத்தோமோ!

ஜவ்வாது மலை வாத்தியார்:
எங்கள் பக்கம் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த ஊரில் மரத்தடிச் சாமிக்கு முன்னால் வழவழவென்று தேய்த்த கறுப்புக் கற்கோடாரிகள் வரிசையாக நட்டிருக்கும், மஞ்சள் குங்குமத்தோடு. உழும்போது கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், நேரே சாமிகிட்டதான். அவை புதிய கற்காலத்தவை, ஊத்துக்கோட்டைக்காரர் கல்லோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த பிள்ளை. ஒரு பெரியவரிடம், "இது ஆதி மனுசன் செஞ்சது தாத்தா" என்று விளக்கினேன். "அதான் கும்பிடுறோம்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பாடம் எடுப்பது?

கல் பைத்தியம்:
உற்சாகத்தில் எல்லாரும் ஆற்றங்கரைக்கு ஓடாதீர்கள். நான் ஒரு கோணிப்பை நிறையப் பொறுக்கிக்கொண்டு ஒரு பேராசிரியர் வீட்டுக்குப் போனவன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து "ஆறு செஞ்சது, ஆறு செஞ்சது" என்று ஓரமாக அடுக்கினார். கடைசிக் கல்லுக்கு மட்டும் சற்று நிறுத்தினார். "இது ஜல்லி உடைக்கிற மெஷின் செஞ்சது."

அன்று அவர் சொல்லிக்கொடுத்தது இது. வெள்ளத்தில் உருண்ட கல் கண்ட இடத்தில் பெயரும். மனுசன் அடித்தால் ஒழுங்கு இருக்கும்: இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, சிப்பி உள்பக்கம் மாதிரிக் குழிவாக, சில்லு பெயர்ந்த ஒரு வடு முந்தைய வடுவைக் கொஞ்சம் தின்றபடி விளிம்பு நெடுகப் போகும். பெயர்ந்த சில்லில் அடிபட்ட இடத்துக்குக் கீழே லேசாகப் புடைத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் கிடந்தபடியே படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பைக்குள் போடாதீர்கள். ஊத்துக்கோட்டைக்காரரே, உங்களைச் சொல்லவில்லை, உங்களுக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. கல் இப்போது எங்கே?

ஊத்துக்கோட்டை ஆள்:
ஒப்படைத்துவிட்டேன். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் "கிராவல் லோடு" என்று என் கையாலேயே எழுதினேன். அம்மாவுக்கு ஒரு கிலோ இரும்புச் சுத்தியல் வாங்கிக் கொடுத்தாயிற்று. இன்னும் குறைதான். "இது கைக்கு வாட்டமாவே இல்லடா, அதைச் செஞ்சவனுக்குக் கை தெரிஞ்சிருக்கு" என்கிறார்.