வேகன் ஆர் பாடி, ஜிப்சி சேசிஸ்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கடலூர் லேத்காரர்:

சேசிஸ், அதாவது அடிச்சட்டம் மாற்றி, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் ஆக்கிய சின்ன வண்டியைப் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்ததோடு நிற்கவில்லை, அந்த வண்டிக்கு நாலைந்து சாமான் கடைந்தும் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

வண்டி நிற்பது பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில். தோப்புக்காரர் எங்கள் பட்டறைக்குப் பழைய வாடிக்கை. அவரிடம் பழைய மாடல் வேகன் ஆர் ஒன்று, இன்ஜின் போய் ஓரமாகக் கிடந்தது. பாடி மட்டும் நன்றாக இருந்தது. அப்புறம் யாரோ ஏலத்தில் எடுத்த மாருதி ஜிப்சி ஒன்றை, ஜீப் மாதிரியான ஃபோர் வீல் வண்டி, கைமாற்றி வாங்கினார். அது நேர்மாறு. பாடி உப்புக்காற்றில் அரித்துப்போய் இருந்தது, கீழே சேசிஸ், இன்ஜின், ஆக்ஸில் ஹவுசிங் எல்லாம் உருப்படியாக இருந்தன. "இதைத் தூக்கி அதுமேல வெச்சா என்னப்பா?" என்று ஒருநாள் கேட்டார்.

டேப் வைத்துப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை ஜிப்சிக்கு 2375 மி.மீ., பழைய வேகன் ஆருக்கு 2360. வித்தியாசம் வெறும் 15 மி.மீ. சக்கர வளைவுக்குள் அது கண்ணுக்கே தெரியாது. இந்த ஒரு கணக்குதான் பலருக்கு இந்த யோசனையையே கொடுக்கிறது என்று நினைக்கிறேன். மற்றக் கணக்கு எதுவும் ஒத்துவராது.

முதலில் இன்ஜின். வேகன் ஆரில் அது குறுக்கே கிடக்கும், முன் சக்கரத்தை மட்டும் இழுக்கும். பானெட்டும் அதற்கேற்ற குட்டை. ஜிப்சியில் இன்ஜின் நீளவாக்கில், பின்னால் கியர் பாக்ஸ், அதிலிருந்து ஒரு சின்ன ஷாஃப்ட், அப்புறம் தனியாக டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அங்கிருந்து முன்னால் ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னால் ஒன்று. இந்த வரிசை முழுவதும் வேகன் ஆரின் தரைக்குள் அடங்க வேண்டும். அடங்காது. டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் தகட்டை வெட்டி, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தகட்டில் ஒரு மேடு கட்டி, கியர் பாக்ஸை அதற்கடியில் உட்கார வைத்தார்கள். ஓட்டும்போது இடது கால் பக்கம் சூடு ஏறுவது இதனால்தான். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத வெப்பத் தடுப்பு ஷீட் ஒட்டியும் முழுசாகக் குறையவில்லை.

தரையை வெட்டுவது சும்மா வேலை இல்லை. ஜிப்சிக்குக் கீழே ஏணி மாதிரியான சேசிஸ் தனியாக இருக்கிறது, பாடியைக் கழற்றினாலும் அது ஓடும். வேகன் ஆருக்கு அப்படி எதுவும் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பலம். நடுத்தரையை வெட்டி எடுத்தால், உள்தட்டை உருவிய தீப்பெட்டி உறை போல அது சாய ஆரம்பிக்கும். இதைத் தெரியாமல் முதலில் வெட்டிவிட்டு அப்புறம் கதவு மூடவில்லை என்று தலையில் கை வைத்த டிங்கர் கதைகளைக் கேட்டிருக்கிறேன். இங்கே வெல்டிங் செய்த பையன் கெட்டிக்காரன். வெட்டும் முன்பே உள்ளே ஸ்கொயர் பைப்பில் குறுக்கும் நெடுக்கும் சட்டம் அடித்து, கதவுகளைச் சாத்தியே வைத்து, இடைவெளியைப் பார்த்துப் பார்த்து வெட்டினான். பிறகு இரண்டு பக்க ஓரச் சட்டத்தையும் பைப்பால் இணைத்து, ஜிப்சியின் பாடி மவுண்ட் இருக்கும் இடத்திலேயே ரப்பர் புஷ் வைத்துப் போல்ட் போட்டான். அந்தப் புஷ்ஷுக்கு உள்ளே போகும் உறைகள் நான் கடைந்தவை.

ஸ்டீயரிங்கில்தான் எனக்கும் தோப்புக்காரருக்கும் வாக்குவாதம். வேகன் ஆரில் ரேக் அண்ட் பினியன், பல்சக்கரம் சுற்றிப் பல் வெட்டிய கம்பியை நகர்த்தும் வகை. ஜிப்சியில் ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் போல்ட் போட்டிருக்கும், அதிலிருந்து கம்பி வழியாக முன் ஆக்ஸிலைத் திருப்பும். ஆக ஜிப்சியின் பாக்ஸ்தான் இருந்தாக வேண்டும், ஆனால் வேகன் ஆரின் ஸ்டீயரிங் தண்டு வேறு கோணத்தில் இறங்குகிறது. "இடையில ஒரு ராடு வெச்சு வெல்ட் அடிச்சுடு" என்றார். மாட்டேன் என்றேன். அந்த இடத்தில் வெல்டிங் விட்டுப்போனால் வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், வண்டி நேராகப் போகும். பல் வெட்டிய ஷாஃப்ட்டும் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட்டும் வெளியில் வாங்கிவரச் சொல்லி, கோணம் அதிகம் உடையாமல் பொருத்தினோம். அவர் முகம் கொஞ்ச நாள் சரியில்லை. பரவாயில்லை.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. பெடல், பிரேக் பூஸ்டர் ஜிப்சியுடையதே. பெட்ரோல் டேங்க்கும் அதே, குழாயை மட்டும் வேகன் ஆரின் மூடி வரை வளைத்தார்கள். வேகன் ஆரின் 13 அங்குல வீல் போய் ஜிப்சியின் 15 அங்குல வீல் வந்ததால், வளைவு விளிம்பைச் சுற்றிலும் வெட்ட வேண்டியிருந்தது. முழுசாகத் திருப்பினால் இப்போதும் ஒரு பக்கம் லேசாக உரசும்.

தோப்புக்குள் ஓட்டிப் பார்த்தேன். மழைக்குப் பிறகு அந்தச் செம்மண் பாதையில் சாதாரண வேகன் ஆர் வாசலைத் தாண்டியிருக்காது. இது லோ கியரில், ஆக்ஸிலரேட்டரைக் கூடத் தொடாமல் ஊர்ந்து போகிறது. பின்கதவைத் தூக்கினால் பலாப்பழம் அடுக்க இடம், மேலே ஒழுகாத கூரை, நிமிர்ந்து உட்காரும் சீட். மண்ணில் அது சொகுசுதான். தார் ரோட்டில் கதை வேறு. பாடி ஏறி உட்கார்ந்திருப்பதால் வளைவில் சாய்கிறது, முன்னும் பின்னும் கமான் பட்டை என்பதால் குதிக்கிறது. நாலு சக்கர இயக்கத்தைப் போட்டபடியே தார் ரோட்டில் திரும்பவும் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாத அமைப்பு அது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், ஓட முடியாமல் முறுக்கு ஏறி ஜாயிண்டைத்தான் தின்னும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைக் கழித்துவிடும்.

என்னைக் கேட்டால், தோப்புக்குள்ளேயே ஓடித் தோப்புக்குள்ளேயே நிற்கிற வண்டியாக இருந்தால் செய்யலாம். ரோட்டுக்கு என்றால் வேண்டாம். ஜப்பானில் சுசூகி கம்பெனியே ஃபோர் வீல் வேகன் ஆர் விற்றது, ஆனால் அது பின் அச்சையும் தரையையும் அதற்கென்றே வார்த்த வண்டி. நாம் செய்வது அது இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து:

ரோட்டுக்கு வேண்டாம் என்று அண்ணன் சொன்னாரே, அதில் என் அனுபவம். "ஃபோர் வீல் வேகன் ஆர், பி.ஒய். ரிஜிஸ்ட்ரேஷன்" (புதுச்சேரிப் பதிவு) என்று விற்பனைக்கு வந்த ஒன்றைப் பார்க்க வில்லியனூர் பக்கம் போனேன். வண்டி அழகு. ஆர்.சி.யை வாங்கி, குனிந்து சேசிஸ் நம்பரைப் பார்த்தேன். சேசிஸில் குத்தியிருந்தது ஒரு நம்பர், ஆர்.சி. புத்தகத்தில் வேறு. இன்ஜின் நம்பரும் அப்படியே. நம்பர் பிளேட் ஒரு வண்டியுடையது, அடியில் ஓடுவது இன்னொன்று. கேட்டதற்கு, விற்றவர் "எஃப்.சி. (தகுதிச் சான்று) நான் பார்த்துக்கறேன் சார்" என்றார். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்த வண்டியில் மாற்றத்தை எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. அபராதத்தைக் கூடக் கட்டிவிடலாம். யார் மேலாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்கப்போவது அந்த சேசிஸ் நம்பரைத்தான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து:

இங்கே சில்வர் பீச் மணலில் இப்படி ஒரு கலப்பு வண்டி ஆக்ஸில் வரை புதைந்ததைப் பார்த்தேன். லீவர் ஃபோர் வீலில்தான் இருந்தது, முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் ஹப் லாக் மட்டும் விழவில்லை. பின் சக்கரம் குழி தோண்ட, முன் சக்கரம் சும்மா வேடிக்கை பார்த்தது. டயரிலும் ரோட்டுக் காற்று அப்படியே. மணலுக்கு 15, 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கியிருக்க வேண்டும். கடைசியில் படகு இழுக்கும் டிராக்டர்தான் வந்து இழுத்தது. தை, மாசியில் பங்குனி ஆமை முட்டையிட வரும் மணல் அது, அங்கே வண்டியோடு இறங்குவதே தப்பு என்று மீனவர்கள் நன்றாகத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான்.

ஒரு சந்தேகம் அண்ணே. இவ்வளவு செலவுக்கு மாருதியின் ஃபோர் வீல் வண்டி ஜிம்னியையே வாங்கியிருக்கலாமே?

கடலூர் லேத்காரர்:

தம்பி, 2023-இல் ஜிம்னி வந்ததுமே தோப்புக்காரரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விலையைக் கேட்டுத் திரும்பிவிட்டார். இரண்டு பழைய வண்டியும் கூலியும் சேர்ந்தால்கூட அதற்குப் பக்கத்தில் வராது. அவர் கையில் இருந்தது பழைய இரும்பும் நேரமும்தான்.

ஹப் லாக் விஷயம் சரியாகச் சொன்னாய். அவருக்கும் சொல்லிவைக்கிறேன். இப்போது ஏசி வேண்டுமாம், ஜிப்சி இன்ஜினில் வேகன் ஆர் கம்ப்ரசரை மாட்ட பிராக்கெட் கடைந்து தரச் சொல்லி அளவோடு வந்து நிற்கிறார்.