பழைய சூப்பர்ஜெட் ஹல்லைத் திருத்துறது, அதோட மூக்கையும் கொஞ்சம் உயர்த்தலாமோ?

ஏரிக்கரையான், ஸ்காபரோ:

எல்லாருக்கும் வணக்கம். போன இலையுதிர் காலத்தில ஒரு யமஹா சூப்பர்ஜெட் வாங்கினனான், 2001 மொடல், எழும்பி நிண்டு ஓடுற வகை ஜெட் ஸ்கீ, 701 சிசி ரூ ஸ்ரோக். எஞ்சின் திறம், கொம்பிறெஷன் ரெண்டு சிலிண்டரிலயும் ஒரே அளவு வருது, அதைப் பாத்துத்தான் எடுத்தனான். பிரச்சினை ஹல்தான், அதுதான் தண்ணியில இருக்கிற அடி உடம்பு. முந்தி வைச்சிருந்தவர் ஜோர்ஜியன் பே பக்கம் ஓடி கல்லில அடிச்சிருக்கிறார் போல கிடக்கு, மூக்குக்குக் கீழ தாடை மாதிரி இருக்கிற இடத்தில ஒரு கை அகலத்துக்கு உடைஞ்சு, அதுக்கு மேல கார் பொடிக்குப் பூசுற ஃபில்லரை அப்பி பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கு. ஸ்குறூ டிறைவரால ஒருக்கா நெம்பினன், முழுசாக் கழண்டு கையில வந்திட்டுது, உள்ளுக்க ஈரம். பின்பக்கம் வலது அடி விளிம்பும் தேஞ்சு உருண்டு போய் இருக்கு, சீமெந்து றாம்பில கன வருசமா இழுத்திருப்பினம்.

இப்ப என்ர கேள்வி. கடையில விக்கிற பொலியெஸ்ரர் றெசினும் (ஃபைபர் ஒட்டுற பிசின்) கண்ணாடி நார் மேட்டும் வாங்கி ஒட்டினாக் காணுமோ, இல்லாட்டி மற்ற வகைப் பிசின் எப்பொக்சிதான் வேணுமோ? ரெண்டாவது, எப்பிடியும் மூக்கைத் திறந்து வேலை செய்யத்தானே போறன், அப்ப அடியை ரெண்டு இஞ்சியளவு தடிப்பாக்கி வடிவத்தையும் மாத்தினா என்ன எண்டு ஒரு ஆசை. அலையில பாய்ஞ்சு இறங்கேக்க மூக்கு தண்ணிக்குள்ள குத்துது எண்டு இந்த மொடல் வைச்சிருக்கிற எல்லாரும் சொல்லுகினம். மூண்டாவது, உள்ளுக்க இருக்கிற ஃபோம் நனைஞ்சிருந்தா முழுக்கக் கிண்டி எடுக்கோணுமோ? கராஜிலதான் வேலை, வெளியில மைனஸ் 12, உள்ளுக்க சின்ன ஹீற்றர் ஒண்டு இருக்கு. சிம்கோ ஏரியில ஐஸ் கரையிறதுக்கு முன்னம் முடிச்சா நல்லம்.

மெரினா மணி:

ப்ரோ பாலியஸ்டரே போதும், எபாக்சிக்கு சும்மா காசைக் கொட்டாதீங்க. நம்ம ஊர்ல கடலுக்குப் போற ஃபைபர் போட்டு அத்தனையும் பாலியஸ்டர்தான், வருஷக்கணக்கா கல்லுலயும் மணல்லயும் இழுக்குறாங்க, ஒண்ணும் ஆகல. நல்லா தேய்ச்சுட்டு ரெண்டு லேயர் மேட் போடுங்க, முடிஞ்சுது.

குளச்சல்காரன், அஜ்மான்:

மணி சொல்றது போட்டுக்கு சரி, இதுக்கு சரிவராது, ஏன்னு சொல்றேன். நான் இங்க போட் யார்டுல லேமினேஷன் வேலை பாக்கேன், ஊர்ல இருக்கும்போது வள்ளத்துக்கும் ஃபைபர் ஒட்டிருக்கேன். வள்ளம்னா மோல்டுல ஜெல்கோட் (வெளிப் பளபளப்புப் பூச்சு) அடிச்சு, மேட்டும் ரோவிங் துணியும் மாத்தி மாத்தி போட்டு கையால ரோலர் ஓட்டி செய்யிறது. அத கிரைண்ட் பண்ணி மேல பாலியஸ்டர் போட்டா நல்லாவே பிடிக்கும். சூப்பர்ஜெட் ஹல்ல அப்படி செய்யல. அது எஸ்எம்சி, ஷீட் மோல்டிங் காம்பவுண்ட். ரெசின், நறுக்குன கிளாஸ், கால்சியம் கார்பனேட் தூள் எல்லாம் சேத்து ஷீட்டா உருட்டி வச்சிருப்பாங்க, அத சூடான இரும்பு அச்சுல வச்சு பிரஸ்ல அமுக்கி எடுக்குறது. அச்சுல ஒட்டிக்காம கழண்டு வரணும்னு ஜிங்க் ஸ்டியரேட் மாதிரி சாமான் அந்தக் கலவைக்குள்ளயே இருக்கும். அசிட்டோன் போட்டுத் துடைச்சா போற மேல் மெழுகு இல்ல அது, கனம் முழுக்க இருக்கு. அதுமேல பாலியஸ்டர் போட்டா காஞ்சு கல்லு மாதிரி நிக்கும், பாத்தா நல்லாருக்கும், ஒரு அடி வாங்குனா அப்படியே தகடா உரிஞ்சு வரும். எபாக்சிதான் போடணும் தம்பி, வேற யோசனையே வேண்டாம்.

கிரைண்டிங்க எவ்ளோ நல்லா பண்ணுறியளோ அவ்ளோதான் ஒட்டும். 36 இல்ல 40 கிரிட் டிஸ்க் வச்சு பெயின்ட், பிரைமர், பழைய ஃபில்லர் ஒரு பொட்டு இல்லாம எடுங்க. உடைஞ்ச ஓட்டைய மட்டும் அடைக்கக் கூடாது, ஓரத்த சரிவா இழைக்கணும், கனத்துக்கு 12 மடங்கு. 4 மில்லி கனம்னா சுத்தி 5 சென்டிக்குக் குறையாம சரிவு வரும். முடிஞ்சா உள்பக்கத்துலயும் இழைச்சு ரெண்டு பக்கமும் துணி போடுங்க, மூக்குல அதுக்குக் கை போகும். விரிசலோட முனை எங்க முடியுதுன்னு பாத்து அங்க ஒரு சின்ன ஓட்டை போட்டுருங்க, இல்லன்னா பேட்ச்சுக்கு அடியிலயே ஓடிட்டு இருக்கும்.

அப்புறம் கடையில சுருளா விக்கிற சாதா மேட்ட எபாக்சிக்கு வாங்காதீங்க. அந்த நூல ஒட்டி வச்சிருக்க பசை பாலியஸ்டர் ரெசின்ல இருக்க ஸ்டைரீன்லதான் கரையும், எபாக்சில ஸ்டைரீனே கிடையாது, அதனால மேட்டு விறைப்பா நின்னு வளைவுல படியாது. 1708 பையாக்சியல் துணி, ரெண்டு திசைல நூல் ஓடுற கிளாஸ் துணி, கேட்டு வாங்குங்க, அதுலயும் ஒரு மேட்டு உண்டு, ஆனா பசை இல்ல, தச்சது, அது பரவால்ல. பெரிய துண்ட முதல்ல போட்டு மேல மேல சின்னதா போடுங்க, அப்பத்தான் கடைசில தேய்க்கும்போது முக்கியமான துணிய அறுக்க மாட்டீங்க. சின்னது முதல்லன்னு சொல்ற ஆளும் உண்டு, எங்க யார்டுலயே இத வச்சு டீக்கடைல சண்டை நடக்கும்.

பாலியஸ்டர்ல கை பழகுன ஆளுங்க எபாக்சில செய்யிற தப்பு ஒண்ணு சொல்லிருதேன். பாலியஸ்டர்ல குளுருக்கு ஏத்தாப்ல காய வைக்கிற கேட்டலிஸ்ட கூட்டுவோம், குறைப்போம், 1 சதவீதத்துல இருந்து 2 வரைக்கும். எபாக்சி ஹார்ட்னர் கேட்டலிஸ்ட் இல்ல, ரெசின் மாதிரியே அதுவும் கலவைல ஒரு சரக்கு, அளவு மாறுனா பாதி வேகாத களி மாதிரி ரப்பராவே கிடக்கும். டப்பால 5க்கு 1ன்னு போட்டிருந்தா 5க்கு 1தான். சீக்கிரம் காயணும்னா ஃபாஸ்ட் ஹார்ட்னர் வாங்குங்க, கையளவ மாத்தாதீங்க.

ஏரிக்கரையான், ஸ்காபரோ:

அண்ணை, இவ்வளவு விளக்கமா எழுதினதுக்கு நன்றி. நம்பாமல் இல்லை, ஆனா வீட்டில கிடந்த கொஞ்ச பொலியெஸ்ரரையும் புதுசா வாங்கின எப்பொக்சியையும் பக்கத்துப் பக்கத்தில வைச்சு, உள்பக்கமா நல்லாத் தேய்ச்ச ஒரு இடத்தில ஒவ்வொரு துண்டு துணி ஒட்டிப் பாத்தன். காஞ்ச பிறகு உளியை விட்டு நெம்பினா பொலியெஸ்ரர் துண்டு பளபளவெண்டு முழுசா எழும்பி வந்திட்டுது, ஹல்லில ஒரு கீறலும் இல்லை. எப்பொக்சித் துண்டு ஹல்லின்ர சாம்பல் நிறத் தோலையும் கிழிச்சுக்கொண்டுதான் வந்தது. மணி, குறை நினைக்காதேங்கோ, எப்பொக்சிதான்.

ஃபோமைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மூக்குக்குள்ள கத்தியால ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பிழிஞ்சா தண்ணி வடியுது.

மெரினா மணி:

அட, குறை என்ன ப்ரோ இருக்கு, போட்டு பாத்தது சூப்பர். எஸ்எம்சி மேட்டர் எனக்கும் புதுசு.

நிண்டோடி, மொன்றியல்:

தம்பி, ஃபோம் நனைஞ்சா காயாது. குளோஸ்ட் செல், தண்ணி போகாத மூடின கலம், எண்டுதான் பேர், ஆனா பழுதான கலத்துக்க போன தண்ணி வருசக்கணக்கா அங்கதான் இருக்கும், கராஜில ஹீற்றர் போட்டுக் காய வைக்கலாம் எண்டு யோசிக்காதையும். முதல்ல முழு ஸ்கீயின்ர நிறையையும் பாரும், முன்னுக்கு ஒரு தராசு பின்னுக்கு ஒரு தராசு வைச்சுக் கூட்டினாக் காணும். அந்த மொடல் பெற்றோல் இல்லாமல் 130 கிலோ சொச்சம். உம்மட 145க்கு மேல காட்டினா பின்பக்கம் நிக்கிற தட்டுக்குக் கீழ இருக்கிற ஃபோமும் நனைஞ்சிட்டுது எண்டு அர்த்தம், அது பெரிய வேலை, தட்டை வெட்டித் திறக்கோணும். மூக்கில மட்டும் எண்டா கிண்டி எடுத்துட்டு கன அடிக்கு 2 இறாத்தல் நிறை வாற வகைப் பொலியூரெத்தேன் ஃபோம் ஊத்தலாம், ஆனா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தும். ஒரேயடியா ஊத்தினா பொங்கேக்க வாற சூட்டில நடுவில கருகும், அதோட ஹல்லையே வெளியில தள்ளி வீங்க வைக்கும், வீங்கின ஹல் ஒண்டை நான் கண்ணால பாத்தனான். ஃபோமே வேண்டாம், பாரம் குறையும் எண்டு சில பெடியள் சொல்லுவாங்கள், கேக்காதையும். எஞ்சினுக்க தண்ணி புகுந்து நடு ஏரியில நிக்கேக்க ஸ்கீயை மிதக்க வைச்சிருக்கிறது அந்த ஃபோம்தான்.

இப்ப வடிவம். நீர் மூக்கை மாத்துறதுக்கு ஆசைப்படுறீர், எனக்கு அதைவிடப் பின்னுக்குத் தேஞ்ச விளிம்புதான் கவலை. ஸ்கீ வேகம் எடுத்தாப்பிறகு தண்ணியில படுறது பின்பக்கத்து மூண்டில ஒரு பங்குதான், முன்னுக்கு எல்லாம் காத்தில நிக்கும். அந்தப் பின்பக்க அடி நேரா இருக்கோணும், பின் விளிம்பும் பக்க விளிம்பும் கூரா இருக்கோணும். விளிம்பு உருண்டிருந்தா தண்ணி வெட்டுப்பட்டுப் பிரியாமல் அந்த வளைவில ஒட்டிக்கொண்டு மேல ஏறி வரும், அது ஸ்கீயைக் கீழ உறிஞ்சும், அதால வேகமும் போகும், திரும்பேக்க அந்தப் பக்கம் வழுக்கும். உம்மடையில வலப்பக்கம் மட்டும் உருண்டிருக்கெண்டா நேரா விட்டாலும் ஒரு பக்கம் இழுக்கும்.

கவிட்டுப் போட்டுட்டு ஒரு நாலடி நேர்க்கோல் வைச்சு நீளவாக்கில பாரும். கோலின்ர நடுவில வெளிச்சம் தெரிஞ்சா பின்முனை கீழ வளைஞ்சிருக்கு, அது மூக்கைத் தண்ணிக்க அமத்தும். நீர் சொல்லுற மூக்குக் குத்துறது சில வேளை அதாலயும் வரலாம், பாராமல் மூக்கை வெட்டாதையும். மாறி, கோல் நடுவில ஊஞ்சல் ஆடினா அடி வெளியில வயிறு வைச்சிருக்கு, அப்பிடியெண்டா வேகத்தில மூக்கு மேலயும் கீழயும் துள்ளிக்கொண்டு போகும்.

விளிம்பைக் கட்டுறதுக்கு ஃபில்லர் மட்டும் வைக்காதையும், முதல் றாம்பிலயே உடையும். ஒரு பிளாஸ்ரிக் பலகைக்கு பார்சல் ஒட்டுற ரேப்பை சுத்தி, அதை அடியோட மட்டமா வெளியில நீட்டிக் கிளாம்ப் பண்ணும், எப்பொக்சி அந்த ரேப்பில ஒட்டாது. உள்மூலையில மில்ட் கிளாஸும் (அரைச்ச கண்ணாடி நார்) சிலிக்காத் தூளும் எப்பொக்சியில கலந்து கெட்டியா வைச்சு, மேல துணி. காஞ்ச பிறகு பலகையைத் தட்டினாக் கழண்டிடும், கத்தி மாதிரி விளிம்பு கிடைக்கும்.

மூக்குக்கு வாறன். மேல் பக்கத்தை, அதுதான் டெக்கை, தொடாதையும். ஹாண்டில் தண்டு பொருத்துற பிறக்கெற் முன்னுக்குத்தான் இருக்கு, நீர் தொங்குற பாரம் முழுக்க அதிலதான், அதோட டெக்கை வளைச்சா மூடியின்ர றப்பர் சீல் இருக்காது, ஒவ்வொரு அலைக்கும் எஞ்சினுக்க தண்ணி. அடிப்பக்கத்தில மட்டும் செய்யும். முதல்ல உடைவை அஜ்மான் அண்ணை சொன்ன மாதிரி முழுசாத் திருத்தி, தண்ணி புகாத ஹல்லா ஆக்கும். அதுக்குப் பிறகு வெளியில எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகையை, வீட்டுச் சுவருக்கு அடிக்கிற நீலமோ பிங்கோ, எப்பொக்சியால ஒட்டி, செதுக்கி, மேல துணி போடும். பொலியெஸ்ரர் பட்டா அந்த ஃபோம் கரைஞ்சு போகும், எப்பொக்சிக்கு ஒண்டும் ஆகாது. இப்பிடிச் செய்தா வெளித்தோல் நாளைக்கு உடைஞ்சாலும் உள்ளுக்க ஹல் அப்பிடியே இருக்கும். பழைய தோலை வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசா வடிவம் கட்டுறது வீடியோவில பாக்க நல்லா இருக்கும், கராஜில தனியச் செய்யிற ஆளுக்கு அது வேண்டாத வேலை.

ரெண்டு இஞ்சி கூட. ஒரு இஞ்சியோட நிப்பாட்டும். மூக்கு தடிப்பா வந்து தண்ணியில உயர நிண்டா பாய்ஞ்சு இறங்க சுகம்தான், ஆனா திரும்பேக்க உள்ளுக்கு சாய்ஞ்சு தண்ணியைக் கடிக்கிறதும் அதே மூக்கின்ர பக்க விளிம்புதான், அது தண்ணியைத் தொடாட்டி வளைவு அகலமாப் போகும். கடலலையில குட்டிக்கரணம் அடிக்கிற ஆக்களுக்கு அது பரவாயில்லை. நீர் ஓடுறது சிம்கோ, அங்க காத்து அடிச்சாத்தான் அலை.

ஏரிக்கரையான், ஸ்காபரோ:

அண்ணை, நேர்க்கோல் வைச்சுப் பாத்தன், நடுவில மெல்லிசா வெளிச்சம் வருது, பேப்பர் ஒண்டு நுழையிற அளவு. நிறை 141 வந்தது. மூக்கு ஃபோமைக் கிண்டி எடுத்துட்டன், பின்னுக்குத் துளை போட்டுப் பாத்தா அங்க காய்ஞ்சுதான் கிடக்கு. மூக்கு ஒரு இஞ்சிதான், சரி. இடதும் வலதும் ஒரே மாதிரி வாறதுக்கு என்ன செய்யிறது? கண்ணளவில செதுக்கினா எனக்கு நம்பிக்கை இல்லை.

நிண்டோடி, மொன்றியல்:

பேப்பர் அளவெண்டா விடும், அதைத் திருத்தப் போய் கூடப் பழுதாக்கிப் போடுவீர். சமச்சீருக்கு, மூக்கு நுனியில இருந்து பின் நடு வரைக்கும் நூல் இழுத்து நடுக்கோடு கீறும். உடையாத பக்கத்தில நாலு விரல் இடைவெளியில கார்ட்போர்ட் அச்சு வெட்டி, அதையே திருப்பி மற்றப் பக்கத்தில வைச்சுப் பாக்கிறதுதான் வழி. தெரிஞ்ச ஆரும் இதே 1996க்கும் 2007க்கும் இடையில வந்த ஹல் வைச்சிருந்தா இன்னும் லேசு, அவற்ற தாடையில ஒட்டாமல் கழர வக்ஸ் பூசி, பிவிஏ அடிச்சு, மேல ஒரு அச்சு எடுத்துக்கொண்டு வரலாம். 2008இல ஹல்லை மாத்திட்டாங்கள், அது சரிவராது.

கருகப்பிலை, பிராம்ப்டன்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எல்லாம் முடிஞ்சதும் மேல ஜெல்கோட் அடிச்சா கம்பெனி ஃபினிஷ் வருமா? என்கிட்ட ஒரு கவாசாகி 550 ஜெட் ஸ்கீ இருக்கு, அதுக்கும் இதே ரிப்பேர்தான் பாக்கி.

குளச்சல்காரன், அஜ்மான்:

ஜெல்கோட் பாலியஸ்டர் சாதி, எபாக்சி மேல நேரா அடிச்சா ஒழுங்கா காயாம பிசுபிசுன்னு நிக்கும், காஞ்சாலும் பிடி இருக்காது. எபாக்சி பிரைமர் அடிச்சு அதுக்கு மேல டூ பேக் (ரெண்டு டப்பா கலக்குற) பாலியூரித்தேன் பெயின்ட் போடுங்க. அந்த பெயின்ட் ஹார்ட்னர்ல மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கு, சும்மா துணி மாஸ்க் பத்தாது, ஸ்ப்ரே அடிக்கிறதா இருந்தா அதுக்குன்னு இருக்க பெயின்ட் கடைல குடுத்துருங்க. பெயின்டுக்கு முன்ன இன்னொண்ணு. குளுர்ல காயிற எபாக்சி மேல எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒண்ணு படியும், அமைன் பிளஷ்னு சொல்வாங்க. அத தேய்க்கக் கூடாது, தேய்ச்சா உள்ள போயிரும், முதல்ல வெறும் தண்ணியும் பச்சை ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவி துடைச்சுட்டுத்தான் உப்புத்தாளையே கையில எடுக்கணும். மைக்ரோ பலூன் (பொடிக் குமிழித் தூள்) ஃபில்லர்ல மட்டம் பண்ணுனா அதுக்கு மேல மெல்லிசா ஒரு துணி போட்டு மூடுங்க, அடிப்பக்கம் தண்ணிலயே கிடக்குற எடம்.

ஸ்காபரோ தம்பிக்கு ஒண்ணு. கராஜு வீட்டோட ஒட்டுனதா? உள்ள கேஸ் வாட்டர் ஹீட்டரோ ஃபர்னஸோ இருந்தா, நெருப்பு எரியிற ஹீட்டரா இருந்தா, அசிட்டோன் டப்பாவ அங்க தொறக்காதீங்க, அந்த ஆவி தரையோட தரையா ஊர்ந்து போய்ப் பத்தும். எலக்ட்ரிக் ஆயில் ஹீட்டர் வச்சு ஹல்லயும் ரெசின் டப்பாவயும் முந்துன நாளே சூடாக்கிருங்க, அப்புறம் ரெசின கலக்குங்க. பின்பக்கத்துல ஹல் நம்பர் பதிச்சிருக்கும், கிரைண்டர அது மேல ஓட்டிராதீங்க, நாளைக்கு விக்கப் போனா அந்த நம்பர் இல்லாம ஒருத்தனும் வாங்க மாட்டான்.

ஏரிக்கரையான், ஸ்காபரோ:

ஃபர்னஸ் வீட்டு நிலவறையில, கராஜில இல்லை. ஆனா வோட்டர் ஹீற்றர் கராஜ் சுவருக்கு மற்றப் பக்கம்தான், அசிட்டோனை வெளியில வைச்சே பாவிக்கிறன். ஹல் நம்பருக்கு மேல இப்பவே ரேப் ஒட்டிட்டன். விளிம்பு வேலை முதல், மூக்கு பிறகு. படம் போடுறன்.