“ஆச்சி வீடு” குழு: குற்றாலம் போகிற வழியில்

சென்னை அண்ணன் (காலை 9:40): கயத்தாறு வந்தாச்சு. காற்றாலை ஒன்றுகூடச் சுற்றவில்லை. திருநெல்வேலி டவுனில் ஆச்சியை ஏற்றிக்கொண்டு மதியத்துக்குள் குற்றாலம்.

அம்பை மாமா: மருமகனே, அங்கே என்ன இருக்கிறதென்று போகிறாய்? பேரருவியில் இப்போது பாறை மட்டும்தான் குளிக்கிறது, அதுவும் வெயிலில். சீசன் ஆனியில்தானே தொடங்கும்!

மதினி: ரூம் போட்டு முன்பணமும் கட்டியாச்சே.

செங்கோட்டை சித்தி: அருவியை விடுங்கள். நேற்று மலையில் தீ. சாயந்திரம் லேசாகப் புகைந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்த்தால், சரிவு முழுக்க சீரியல் லைட் போட்ட மாதிரி சிவப்புக் கோடு. காலையில் கொடியில் கிடந்த வேட்டியெல்லாம் கரித்துகள். உதறினால் தீற்றிக்கொள்கிறது, மறுபடி துவைக்கத் தண்ணீர்தான் இல்லை.

நான்: காடு முழுக்க எரிகிறதா சித்தி?

அம்பை மாமா: மரம் உச்சி வரை எரிவது நம் பக்கம் குறைவு. தரையில் கிடக்கும் சருகும் காய்ந்த புல்லும்தான் எரிந்துகொண்டே நகரும். தானாகப் பிடிப்பதும் அபூர்வம், பெரும்பாலும் மனுஷன் கைதான். வண்டி ஏறாத இடமாக இருந்தால் வனத்துறை ஆட்கள் நடந்தே போய், பச்சைக் குழையை ஒடித்து அடித்து அணைக்க வேண்டும். இந்த வெயிலில்! நமக்கெல்லாம் ஏசி போதவில்லை.

சென்னை அண்ணன்: பெரியவள் கிட்டப் போய் வீடியோ எடுக்கலாமா என்கிறாள்.

அம்பை மாமா: உதைப்பேன் என்று சொல். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறப் போன பிள்ளைகள் எத்தனை பேர் போய்விட்டார்கள்! புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறினால் நம்மால் அதை முந்தி ஓட முடியாது.

சென்னை அண்ணன்: சரி சரி. செங்கோட்டை, குற்றாலம் பக்கம் பகலில் புகை இருக்காது இல்லையா? ராத்திரி ரூமுக்குள்தானே இருக்கப்போகிறோம்?

அம்பை மாமா: அங்கேதான் தப்புக் கணக்கு. பகலில் மலை சூடாகி காற்று மேலே ஏறும், புகையும் கூடவே போய்விடும். பொழுது சாய்ந்தால் சரிவு குளிர்ந்து காற்று கீழே இறங்கும். புகை அடிவாரத்தில் வந்து படுத்துக்கொள்ளும். நீ தூங்கும் நேரம்தான் அதற்கு இறங்கும் நேரம்.

மதினி: சின்னவனுக்கு வீசிங் உண்டே! இன்ஹேலர் பையில் இருக்கிறது. கைக்குட்டையை நனைத்துக் கட்டினால் போதுமா?

செங்கோட்டை சித்தி: போதாது தாயி. ஈரத்துணி சாம்பலைத் தடுக்கும், நுண்ணிய புகை உள்ளே போய்விடும். என்95 வேண்டும், அதுவும் குழந்தை முகத்தில் இடைவெளி இல்லாமல் உட்காராது. வண்டியில் ஏசியை வெளிக்காற்று எடுக்காத பட்டனில் வை. உங்களை வரச்சொல்ல ஆசைதான், ஆனால் எனக்கே ராத்திரி முழுக்கத் தொண்டை கரகரப்பு.

மதினி: விடுதிக்காரருக்குப் போன் போட்டேன். “புகையா? அப்படி ஒன்றும் இல்லையே, அருவியும் நூலாக விழுகிறது” என்கிறார். பேசி முடிப்பதற்குள் நாலு முறை இருமினார். முன்பணம் திரும்பாதாம்.

நான்: 😂 போனது போகட்டும் மதினி.

அம்பை மாமா: பேசாமல் இங்கே வாருங்கள். பாபநாசம் அணை 143 அடி, இப்போது தண்ணீர் அடியில் கிடக்கிறது. ஆனாலும் அகஸ்தியர் அருவியில் வருஷம் முழுக்க விழும். செக்போஸ்டில் விடுகிறார்களா என்று காலையில் கேட்டுவிடுகிறேன். விடாவிட்டால் கோயில் படித்துறை இருக்கிறது.

ஆச்சி (அண்ணன் போனிலிருந்து, நான் சொல்ல பேத்தி அடிக்கிறாள்): குறுக்குத்துறை வழியாக வந்தோம். 2023 மார்கழி வெள்ளத்தில் முருகன் கோயிலையே மூழ்கடித்த ஆறு. இன்றைக்கு ஆடு மேய்கிறது. எனக்கு எந்த அருவியும் வேண்டாம், என் மகன் வீட்டுக்கு விடுங்கள்.

நான்: தீர்ப்பு வந்தாச்சு.

சென்னை அண்ணன் (மதியம் 12:50): சேரன்மகாதேவி தாண்டி ரோட்டோரம் பதநீர். பனையோலைப் பட்டையில் நுங்கைத் தோண்டிப் போட்டுக் கொடுத்தார். சின்னவன் பட்டையைப் பிடிக்கத் தெரியாமல் பாதியைச் சட்டையில் விட்டுவிட்டு, இன்னொன்று கேட்கிறான். ஆனால் மேற்கே மலையையே காணோம் மாமா. வெயில் அடிக்கிறது, வானம் மட்டும் பழுப்பு.

அம்பை மாமா: வடக்கே எரிவதுதான் காற்றில் பரவி வருகிறது. இங்கே மூச்சுக்கு ஒன்றுமில்லை, பயப்படாமல் வா.

செங்கோட்டை சித்தி: ஒரு கோடை மழை பெய்தால் தீயும் அணையும், அருவியும் விழும்.

அம்பை மாமா: பெய்யட்டும். ஆனால் பெய்த அன்றைக்கு யாரும் அருவிக்கு ஓடாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி, பள்ளிக்கூடப் பையன் ஒருவன் போய்விட்டான். மேலே பெய்வது கீழே நிற்பவனுக்குத் தெரியாது. அது இருக்கட்டும், தங்கச்சி, நீயும் கிளம்பி வந்துவிடு.

செங்கோட்டை சித்தி: மாட்டை என்ன செய்ய? அதற்கும் கண்ணில் நீர் வடிகிறது.

அம்பை மாமா: பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு சாயந்திர ரயிலைப் பிடி. அம்பாசமுத்திரம் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

செங்கோட்டை சித்தி: கேட்டுப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டிலும் இரண்டு நிற்கிறது, அதோடு கட்டிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

அம்பை மாமா: மருமகனே, உன் அத்தை கேட்கிறாள்: ராத்திரிக்கு சொதி வைக்கவா, இட்லி அவிக்கவா?

மதினி: சொதி!

சென்னை அண்ணன்: சொதி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொண்டு வருகிறோம்.